இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கப் போறீங்களா? முதல்ல காந்தத்தையும் கரன்ட் பில்லையும் கையில எடுங்க!

"பெட்டியைப் பிரிக்கவா, அப்படியே திருப்பி அனுப்பவா? நீயே ஒரு வழி சொல்லுத்தா!"

போன ஞாயிற்றுக்கிழமை பரவையில் இருக்கும் பெரியம்மா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இப்படி ஒரு கேள்வி வந்து விழுந்தது. நடுக்கூடத்தில் ஓர் அட்டைப்பெட்டி. சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் ஆன்லைனில் ஆர்டர் போட்டு அனுப்பிய 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு. திருப்பி அனுப்ப இன்னும் 4 நாள்தான் கெடு.

பரவை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பரவை முனியம்மாதான். பாட்டு மட்டுமல்ல, கலைஞர் டிவியில் 'கிராமத்துச் சமையல்' நிகழ்ச்சியும் நடத்தியவர். எங்கள் பெரியம்மாவுக்கும் அதே ஊர், அதே கைப்பக்குவம். ஆனால் வயது 63. மதுரை வெயிலில், ஃபேன் போட்டால் அணைந்துவிடும் கேஸ் அடுப்புக்கு முன்னால் வியர்த்துக் கொட்ட நிற்பதும், சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து மாட்டுவதும் இப்போது முடியவில்லை. அதனால்தான் அண்ணன் அனுப்பியிருக்கிறான்.

"நல்லதுதானே பெரியம்மா, பிரிச்சுரலாமே?" என்றேன்.

அவர் பதில் பேசாமல் பரணைக் கை காட்டினார். அங்கே தூசி படிந்த இன்னொரு இண்டக்‌ஷன் அடுப்பு!

பரணுக்குப் போன அடுப்பு

இந்தக் கதை பெரியம்மா வீட்டுக் கதை மட்டுமல்ல. 2012 செப்டம்பரில், ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 6 சிலிண்டர்தான் மானிய விலையில் என்று மத்திய அரசு அறிவித்தது. பிறகு அது 9 ஆகி, 12 ஆனது. ஆனால் அந்த முதல் அறிவிப்பில் பதறிப்போய் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கியவர்கள் ஏராளம். தமிழ்நாட்டில் அதே காலகட்டத்தில்தான் மின்வெட்டும் உச்சத்தில் இருந்தது. சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதி நேரம்கூட கரன்ட் இருக்காது. கரன்ட் இல்லாத ஊரில் கரன்ட் அடுப்பு!

"கரன்ட் இருந்த நேரத்துலயும் அது எனக்கு ஒழைக்கல. சட்டியை வச்சா 'கீ கீ'ன்னு கத்தும். அரிசியைப் போட்டா பட்டுன்னு ஃப்யூஸ் போயிரும். உங்க பெரியப்பா கரன்ட் பில்லைப் பார்த்துட்டு ஒரு கத்து கத்துனாரு. மூணே மாசம். தூக்கிப் பரண்ல போட்டாச்சு" என்றார் பெரியம்மா.

கத்திய சட்டி, போன ஃப்யூஸ், எகிறிய பில். மூன்றுமே அடுப்பின் குறை அல்ல. வீட்டில் பார்க்க வேண்டிய மூன்று விஷயங்களைப் பார்க்காமல் வாங்கியதன் விளைவு. இப்போது மின்வெட்டு அன்றைய அளவுக்கு இல்லை. 2023 நவம்பரில் மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம், 20 லட்சம் இண்டக்‌ஷன் அடுப்புகளை மக்களிடம் கொண்டுசேர்க்கும் திட்டத்தையே தொடங்கியது. ஆனாலும் அந்த மூன்றைப் பார்க்காமல் வாங்கினால் புது அடுப்பும் பரணுக்குத்தான் போகும்.

அதனால் பெட்டியைப் பிரிக்காமல், பெரியம்மாவும் நானும் அன்று மதியம் அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நீங்களும் பார்க்கலாம்!

1. காந்தம் ஒட்டுதா?

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பொம்மைக் காந்தத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனோம்.

இண்டக்‌ஷன் அடுப்பில் நெருப்பு இல்லை; சுடுகம்பியும் இல்லை. கண்ணாடித் தட்டுக்குக் கீழே செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய்வரும். அடுப்புக்குள் இருக்கும் சர்க்யூட் அதை நொடிக்கு 20,000 முறைக்கும் மேல் மாறும்படி செய்து அந்தச் சுருளுக்கு அனுப்புகிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடிப்பகுதியில் மின்னோட்டத்தை உருவாக்க, பாத்திரமே சூடாகிறது. அதாவது, இங்கே பாத்திரம்தான் அடுப்பு! அதனால் பாத்திரம் சரியில்லை என்றால், எவ்வளவு விலை கொடுத்த அடுப்பும் வேலை செய்யாது.

பெரியம்மா வீட்டு ரிசல்ட் இதோ...

* அலுமினிய இட்லிச்சட்டி, பழைய குக்கர், பித்தளைப் பானை, மண்சட்டி: ஒட்டவில்லை.
* செம்பு அடி போட்ட எவர்சில்வர் சட்டிகள்: ஒட்டவில்லை.
* சாதாரண எவர்சில்வர் பாத்திரங்கள்: சிலது ஒட்டியது, சிலது ஒட்டவில்லை. எவர்சில்வரில் பல ரகம் உண்டு. பளபளப்பை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, காந்தம்தான் சொல்லும்.
* இரும்பு தோசைக்கல்: கப்பென்று ஒட்டியது.
* ரசம் வைக்கும் ஈயச்சொம்பு: ஒட்டவில்லை. ஒட்டாதவரை நல்லது. ஈயச்சொம்பு என்று நாம் சொல்வது வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும்.

காந்தம் ஒட்டினால் மட்டும் போதாது. அடி தட்டையாக இருக்க வேண்டும். ஸ்கேலை அடியில் வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் சூடு சரியாக ஏறாது. குழிந்த வாணலியும் இருப்புச்சட்டியும் இதனால்தான் சரிப்படாது. அடியின் அகலம் குறைந்தது 12 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாண் இருக்க வேண்டும். தாளிப்புக் கரண்டியை வைத்தால் பல அடுப்புகள் பாத்திரமே இல்லை என்று நினைத்துக் கத்தும்.

கடைசியில் தேறியவை 4 பாத்திரங்கள். அண்ணன் கணக்குப் போட்டது அடுப்பு விலையை மட்டும். ஒரு குக்கரும் ஒரு வாணலியும் இண்டக்‌ஷன் அடியோடு வாங்க வேண்டும் என்றால், கிட்டத்தட்ட இன்னோர் அடுப்பு விலை ஆகிவிடும். உங்கள் பட்ஜெட்டிலும் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'எந்தப் பாத்திரத்தையும் வைக்கலாம், நடுவில் இந்தத் தட்டைப் போட்டால் போதும்' என்று விற்கிறார்களே, அது வேண்டாம். தட்டு சூடாகி, பிறகு பாத்திரம் சூடாவதால் கரன்ட் வீணாகும். தட்டு அளவுக்கு மீறிக் காய்ந்தால் கண்ணாடிக்கும் கேடு.

இருக்கும் பாத்திரங்களை மாற்றவே முடியாது என்பவர்களுக்கு 'இன்ஃப்ராரெட்' அடுப்பு என்று ஒன்று உண்டு. கண்ணாடிக்கு அடியில் சிவப்பாகக் கனலும். அலுமினியம், மண்சட்டி எல்லாம் வைக்கலாம். ஆனால் கண்ணாடியே கொதிக்கும்; அணைத்த பிறகும் வெகுநேரம் சுடும். இண்டக்‌ஷனைவிடக் கரன்ட்டும் கூடுதலாக இழுக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கவனம்.

2. ப்ளக் தாங்குமா?

அடுத்தது சுவர். அடுப்பு மேடைக்கு மேலே இருந்த ஸ்விட்ச் போர்டில் மிக்ஸிக்கு ஒரு ப்ளக் பாயின்ட், அவ்வளவுதான். சின்ன ஓட்டைகள் கொண்ட 6 ஆம்பியர் பாயின்ட்.

2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். சின்ன பாயின்ட் அதைத் தாங்காது. ஃபிரிட்ஜ், கீசருக்கெல்லாம் போடுவோமே, பெரிய ஓட்டைகள் கொண்ட 16 ஆம்பியர் 'பவர் ப்ளக்', அதுதான் வேண்டும். பின்னால் வரும் வயரும் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். 2012-ல் பெரியம்மா வீட்டில் ஃப்யூஸ் போனதற்குக் காரணம், பெரிய பின்னைச் சின்ன பாயின்ட்டில் மாட்ட கன்வெர்ட்டர் போட்டதுதான். நல்லவேளை, ஃப்யூஸோடு போயிற்று. சுவருக்குள் வயர் உருகியிருந்தால்?

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிப் பயன்படுத்தவே கூடாது. எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா, ஷாக் அடித்தால் உடனே கரன்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. மெயின் போர்டில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். பழைய வீடு, வாடகை வீடு என்றால் இந்தச் சோதனை கட்டாயம்.

இன்னொன்று: வீட்டு இன்வெர்ட்டரில் இண்டக்‌ஷன் ஓடாது. ஃபேனுக்கும் லைட்டுக்கும் போட்ட இன்வெர்ட்டரால் இந்த லோடை இழுக்க முடியாது. அதனால் கேஸ் இணைப்பை விட்டுவிடாதீர்கள். இண்டக்‌ஷன் அடுப்பு கேஸுக்கு மாற்று அல்ல, கூட்டாளி!

3. கரன்ட் பில்லில் எந்த இடத்தில் இருக்கீங்க?

இதுதான் முக்கியமான இடம். 'கேஸைவிட இண்டக்‌ஷன் லாபமா?' என்று தேடினால் 'ஆமாம்' என்றும் வரும், 'இல்லை' என்றும் வரும். தமிழ்நாட்டில் இரண்டுமே சரி! காரணம், நம் மின்கட்டணம் எல்லோருக்கும் ஒரே விலை கிடையாது.

2 மாதத்துக்கு 100 யூனிட் வரை வீடுகளுக்கு இலவசம் என்பது 2016 முதல் நடைமுறை. அதற்கு மேல் படிப்படியாக ஏறும். 2024 ஜூலையில் திருத்திய கட்டணப்படி, 200 யூனிட்டைத் தாண்டினால் ஒரு யூனிட் நாலரை ரூபாய்க்குச் சற்று மேல். 400-ஐத் தாண்டினால் 6 ரூபாய்க்கு மேல். 500-ஐத் தாண்டினால் 8 ரூபாய்க்கு மேல். அதோடு, மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த பாதி விலைச் சலுகையும் போய்விடும்.

இப்போது ஒரு சிலிண்டரை யூனிட்டாக மாற்றிப் பார்ப்போம். 14.2 கிலோ எல்.பி.ஜி.யில் சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. ஆனால் கேஸ் அடுப்பில் அதில் 60 முதல் 68 சதவிகிதம்தான் பாத்திரத்துக்குப் போகும். மிச்சம் அடுக்களையைத்தான் சூடாக்கும். இண்டக்‌ஷனில் ஏறக்குறைய 85 சதவிகிதம் பாத்திரத்துக்கே போகிறது. கணக்குப் போட்டால், ஒரு சிலிண்டரில் செய்யும் சமையலை இண்டக்‌ஷனில் செய்ய சுமார் 125 முதல் 145 யூனிட் ஆகும்.

2025 ஏப்ரலில் சென்னையில் சிலிண்டர் விலை 868 ரூபாய் 50 காசு. அதை 135 யூனிட்டால் வகுத்தால், யூனிட்டுக்கு சுமார் 6 ரூபாய் 40 காசு. இதுதான் லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவில் இருக்கும் கோடு. நீங்கள் கூடுதலாகச் செலவழிக்கும் யூனிட் இதைவிடக் குறைந்த விலையில் வந்தால் லாபம். மேலே போனால் நஷ்டம். உங்கள் ஊர் சிலிண்டர் விலை மாறியிருந்தால், அந்த விலையை 135-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். கோடு எங்கே என்று தெரிந்துவிடும்.

பெரியம்மா வீட்டு பில்லை எடுத்தோம். 2 பேர்தான், ஏ.சி. இல்லை. 2 மாதத்துக்கு 210 யூனிட். பால், டீ, வெந்நீர், சோறு இவற்றை மட்டும் இண்டக்‌ஷனுக்கு மாற்றினால் நாளுக்கு 1 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 60 யூனிட் கூடும். செலவு 280 ரூபாய் அளவில். மிச்சமாகும் கேஸ் கிட்டத்தட்ட அரை சிலிண்டர், அதாவது 400 ரூபாய் அளவுக்கு. ஆக, 2 மாதத்துக்கு 120 ரூபாய் சொச்சம் லாபம்.

இதே வேலையை, வெயில் காலத்தில் ஏ.சி. போட்டு ஏற்கெனவே 480 யூனிட் ஓட்டும் வீட்டில் செய்தால்? 60 யூனிட் கூடி 540 ஆகும். கூடுதல் பில் 700 ரூபாய் அளவுக்குப் போய்விடும். மிச்சமாகும் கேஸோ அரை சிலிண்டர்தான். அதே அடுப்பு, அதே சமையல். ஒரு வீட்டுக்கு லாபம், இன்னொரு வீட்டுக்கு நஷ்டம்!

வாடகை வீட்டில் சப் மீட்டர் வைத்து, வீட்டு உரிமையாளர் யூனிட்டுக்கு 8 அல்லது 10 ரூபாய் வாங்குகிறார் என்றால், காசு மிச்சமாகும் என்ற நம்பிக்கையில் மட்டும் இண்டக்‌ஷன் வாங்க வேண்டாம்.

"அப்ப நமக்கு மாசம் அறுவது ரூவாதான் மிச்சமா? இதுக்கா இம்புட்டு அலப்பறை?" என்று சிரித்தார் பெரியப்பா.

"உங்களுக்கென்ன, அடுப்புக்கு முன்னாடி நிக்கிறவளுக்குத்தானே தெரியும்! ஃபேனைப் போட்டுக்கிட்டு சமைக்கலாம்ல?" என்றார் பெரியம்மா.

அவர் சொன்னதுதான் சரி. குறைவாகக் கரன்ட் செலவழிக்கும் வீட்டிலும் இது பெரிய சேமிப்பு இல்லை. அனல் குறைவு, கேஸ் கசியும் பயம் இல்லை, சிலிண்டர் தீர்ந்தால் பதற வேண்டாம். இதற்காக வாங்குங்கள், காசு மிச்சமானால் போனஸ்!

கடையில் எதைப் பார்க்கணும்?

மூன்று சோதனையும் முடிந்ததா? இப்போது அடுப்பைத் தேர்வு செய்வது சுலபம்.

வாட்: ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 1,200 வாட்டில் சுமார் 5 நிமிடம், 2,000 வாட்டில் சுமார் 3 நிமிடம். இரண்டிலும் ஆகும் கரன்ட் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. வாட் கூடினால் பில் கூடும் என்பது தவறு, வேகம்தான் கூடும். தனியாக இருப்பவர்கள், 2 பேர் இருக்கும் வீடுகளுக்கு 1,200 முதல் 1,600 வாட் போதும். 4 பேருக்குத் தினமும் சமைக்க 1,800 முதல் 2,000 வாட்.

குறைந்த சூடு: எல்லோரும் அதிகபட்ச வாட்டைத்தான் பார்க்கிறார்கள். நம் சமையலுக்குக் குறைந்தபட்சமும் முக்கியம். விலை குறைந்த அடுப்புகள் பலவற்றில் 'சிம்' வைத்தால் சூடு குறையாது. சில நொடி முழு வேகத்தில் ஓடி, சில நொடி நிற்கும். பால் பொங்கி வழிவதும் பாயசம் அடிபிடிப்பதும் இதனால்தான். கடையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, குறைந்த அளவில் ஓடவிட்டுப் பாருங்கள். தண்ணீர் சீராகச் சுண்டுகிறதா, விட்டு விட்டுக் கொதிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பட்டனா, டச்சா? டச் பேனல் பார்க்க அழகு. ஆனால் ஈரக்கை, மாவுக்கை பட்டால் சிலது கேட்காது. தண்ணீர் சிந்தினால் தானாக அணைந்துவிடுவதும் உண்டு. வயதானவர்களுக்கு அழுத்தினால் 'டக்' என்று தெரியும் பட்டனோ, திருகும் குமிழோ உள்ளதே நல்லது. 'இட்லி', 'தோசை', 'கறி' என்று பட்டன்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலோர் கடைசியில் பயன்படுத்துவது கூட்டல், கழித்தல் பட்டன்களைத்தான்.

காயிலின் அளவு: கண்ணாடி பெரிதாக இருந்தாலும் உள்ளே இருக்கும் காயில் சின்னதாக இருக்கலாம். அப்படியானால் பெரிய தோசைக்கல்லில் நடுவில் முறுகும், ஓரம் வெள்ளையாக இருக்கும். காயிலின் விட்டம் எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் பாத்திரத்தின் அடியோடு ஒப்பிடுங்கள்.

சர்வீஸ்: ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, வாரன்ட்டி எத்தனை வருடம், கண்ணாடி உடைந்தால் வாரன்ட்டியில் வருமா, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சர்வீஸ் சென்டர் உண்டா என்று பாருங்கள். 200 ரூபாய் குறைகிறது என்று பெயர் தெரியாத கம்பெனியை வாங்கி, பாகம் கிடைக்காமல் தவிப்பதைவிட இது மேல்.

எதெல்லாம் முடியாது?

நேரடித் தீயில் செய்யும் எதுவும் இதில் நடக்காது. அப்பளம் சுட முடியாது. கத்தரிக்காய் சுட்டுக் கொத்சு செய்ய முடியாது. புல்கா உப்பாது. மண்சட்டி மீன்குழம்பு வைக்க முடியாது. இதையெல்லாம் கேஸுக்கு ஒதுக்கிவிட்டு பால், டீ, சோறு, பருப்பு, இட்லி, வெந்நீர், கீரை, சாம்பாரை இண்டக்‌ஷனுக்குக் கொடுங்கள்.

உழைக்க வைக்க சில வழிகள்

* அடுப்பின் அடியிலும் பக்கத்திலும் காற்று போகும் துளைகள் இருக்கும். சுவரிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். அடியில் துணி, பேப்பர் விரிக்க வேண்டாம்.
* சமையல் முடிந்ததும் ஸ்விட்ச்சைப் பட்டென்று அணைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஃபேன் நிற்கும்வரை விடுங்கள்.
* கரப்பான்பூச்சிக்குச் சூடான சர்க்யூட் போர்டு சொர்க்கம். இரவில் ப்ளக்கைக் கழற்றி, அடுப்பைச் சுத்தமாகத் துடைத்து வையுங்கள்.
* தோசைக்கல்லைக் கண்ணாடி மேல் இழுக்காதீர்கள், தூக்கி வையுங்கள். கண்ணாடியில் கீறல் விழலாம். விரிசல் விட்டால் அதோடு பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள்.
* காலிப் பாத்திரத்தை வைத்து ஆன் செய்ய வேண்டாம். எண்ணெயும் நினைப்பதைவிட வேகமாகக் காயும். நடுத்தர சூட்டில் தொடங்குங்கள்.
* சூடான பாத்திரம் இருந்த இடம் சுடும். 'நெருப்பே இல்லையே' என்று உடனே கை வைக்காதீர்கள்.
* வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால், டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஓடும் அடுப்பிலிருந்து 60 சென்டிமீட்டர், அதாவது 2 அடி தள்ளி நிற்பது பாதுகாப்பு.

பெட்டி என்ன ஆனது?

அன்று சாயங்காலமே அண்ணனுக்கு போன் போட்டோம். அடுப்பு டச் மாடல் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. பெரியம்மா எப்போதும் ஈரக்கையோடுதான் அடுக்களையில் நிற்பார். அதனால் பெட்டி பிரிக்கப்படாமலேயே திரும்பிப் போகிறது. பதிலுக்கு 1,600 வாட்டில் ஒரு பட்டன் மாடல், இண்டக்‌ஷன் அடி போட்ட 3 லிட்டர் குக்கர். அதற்கு முன்னால், இந்த வாரம் எலக்ட்ரீஷியன் வந்து 16 ஆம்பியர் பவர் ப்ளக் போடுகிறார்.

"பரண்ல கிடக்கிறதை என்ன பெரியம்மா பண்ணப் போறீங்க?" என்று கிளம்பும்போது கேட்டேன்.

"அது பாட்டுக்குக் கிடக்கட்டும்த்தா. அடுத்து உங்கண்ணன் எதையாச்சும் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி, அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு!" என்றார்.